நேசமணிக்கு அடிபட்ட கதை

 பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

2019 மே 29 அன்று என் தங்கை மகன் போனைப் பார்த்துக்கொண்டே, "மாமா, நேசமணிக்குத் தலையில அடி. உலகமே பிரார்த்தனை பண்ணுது" என்றான். நான் பதறிப்போய், "எந்த நேசமணி? மில்லுக்குப் பெயிண்ட் கான்ட்ராக்ட் எடுப்பாரே, அவரா?" என்று கேட்டேன். வீடே சிரித்தது.

நடந்தது இதுதான். பாகிஸ்தானில் இருந்து நடக்கும் சிவில் இன்ஜினியரிங் பேஸ்புக் பக்கம் ஒன்றில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். நம்மவர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு, கான்ட்ராக்டர் நேசமணியின் தலை இதனால்தான் உடைந்தது என்றும் எழுதிவிட்டார். விவரம் தெரியாத யாரோ, இப்போது நலமா என்று விசாரிக்க, அவ்வளவுதான்! மறுநாள் மே 30 பிரதமர் பதவியேற்பு. அந்தச் செய்தியோடு போட்டி போட்டு ட்விட்டரில் ஓடியது நேசமணி உடல்நிலை. ஆஸ்பத்திரி அறிக்கை, கட்டுப்போட்ட தலை, சுத்தியல் மீது விசாரணை என்று ஆளுக்கொன்றாகச் செய்து தள்ளினார்கள்.

நேசமணி 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு. அதே சித்திக் 1999இல் மலையாளத்தில் எடுத்த படத்தின் மறு ஆக்கம் அது. அங்கே அந்த வேடம் ஜகதி ஸ்ரீகுமாருக்கு. ஆக, மூலமே ஒரு மறுபதிப்புதான்!

இதெல்லாம் செல்போன் கொண்டுவந்த பழக்கம் என்று நினைக்காதீர்கள். சிறுவயதில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு அப்பாவோடு போனால் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். தெரிந்த மெட்டு, புதுச் சொல். அதற்கும் முன்பு சென்னைக் குஜிலிக் கடைகளில் கொலை, வெள்ளம், ரயில் விபத்து எல்லாம் இப்படித்தான் பாட்டாகி மலிவு விலையில் விற்றன. இன்ன மெட்டு என்று மேலேயே அச்சிட்டிருக்கும். 2011 நவம்பரில் 'கொலவெறி' பாட்டு வந்தபோது ஊருக்கு ஊர் சொல்லை மாற்றிப் பாடினார்களே, அதுவும் அதே வேலைதான். ஏன், உங்களுக்குப் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சினிமா மெட்டில் சொல்லிக்கொடுத்தவன் நான்தானே! (தலைமையாசிரியர் ஜன்னல் வழியே பார்த்த பார்வை மறக்காது.)

ஆனால் நேசமணி கற்பனை ஆள். அவருக்கு வலிக்காது. எனக்கு வலித்தது. பணி ஓய்வு விழாவில் பேச்சுக்கு நடுவே நான் அழுததை ஒரு மாணவன் படம் எடுத்து, வடிவேலு அழும் குரலைச் சேர்த்து வாட்ஸ்அப்பில் விட்டான். ராஜபாளையத்தில் ஒரு மாதம் டீக்கடைப் பக்கமே நான் போகவில்லை. காய்கறிக்கு உங்கள் அக்காதான் போனாள்.

செய்தது யார் என்று எனக்கு அன்றே தெரியும். இப்போது என் பதிவுகளுக்கு முதல் ஆளாக லைக் போடுவதும் அவன்தான். தம்பி, கோபமெல்லாம் போய்விட்டது. அந்த வீடியோ இன்னும் உன்னிடம் இருந்தால் எனக்கு அனுப்பு. தாத்தா அழுததைப் பேத்தி பார்க்க வேண்டுமாம். வடிவேலு குரல் இல்லாமல் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பு.