நீரா கால்வாயும் ஒரு பவுண்டு கூலியும்

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும் மேகங்கள் பெருமளவு வற்றிவிடுவதால், புணே மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான பாராமதி, இந்தாபூர் வட்டங்கள் நெடுங்காலமாக வறட்சிக்கு உள்ளானவை. தமிழகத்தில் தாது வருடப் பஞ்சம் என்று நினைவுகூரப்படும் 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம் தக்காணத்தையும் வாட்டியபோது, விளைச்சலோடு வயல்வேலையும் அற்றுப்போனதால் கூலியாட்களிடம் தானியம் வாங்கக் காசு இல்லை. அக்காசை வேலைக்கு ஈடாக அளிக்க அரசு திறந்தவையே நிவாரணப் பணிகள் எனப்பட்டன.

புணே வட்டாரத்தில் இவற்றுள் பெரியவை, 1876இல் தொடங்கப்பட்ட நீரா ஆற்றின் இடதுகரைக் கால்வாயும், 1878இல் திறக்கப்பட்ட தௌண்டு–மன்மாடு இருப்புப்பாதையும் ஆகும். ஆண்கள் கடப்பாரையாலும் மண்வெட்டியாலும் வெட்டிய மண்ணைப் பெண்களும் சிறுவர்களும் கூடைகளில் சுமந்து கரையில் கொட்டினர். இயந்திரம் இல்லாத இத்தகைய மண்வேலையில் செலவின் பெரும்பகுதி கூலியாகவே போய்ச் சேர்ந்ததால், ஒதுக்கப்பட்ட தொகைக்கு மிகப் பலர் வேலை பெற முடிந்தது.

ஆயினும் வேலை கிடைத்ததனாலேயே வயிறு நிரம்பிவிடவில்லை. பஞ்சச் செலவைக் கட்டுப்படுத்த இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் 1877இன் தொடக்கத்தில் புகுத்திய கூலி, ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியத்தின் விலையும் அதற்கு மேல் சிறு காசுமாகச் சுருங்கியது. ஊரருகே நடந்த சிறு பணிகளிலிருந்து தொலைவிலுள்ள பெரும்பணிகளுக்குச் செல்லுமாறும் மக்கள் பணிக்கப்பட்டனர். இவற்றை ஏற்காமல் பெருந்திரளானோர் வேலையை விட்டு வெளியேற, 1870இல் தோன்றிய புணே சார்வஜனிக் சபை ஊர் நிலவரங்களைத் திரட்டி அரசுக்கு விண்ணப்பங்களை அனுப்பியது. பின்னர் அமைந்த பஞ்ச ஆணையத்தின் அறிக்கையும், அதன் வழிவந்த 1883ஆம் ஆண்டுப் பஞ்ச விதித்தொகுப்பும், பணி திறக்கும் காலத்தையும் கூலியையும் அதிகாரியின் விருப்பத்துக்கு விடாமல் விதிக்குள் கொண்டுவர முயன்றன.

கால்வாய் தோண்டும் வேலை முடிந்த பின், பாராமதி, இந்தாபூர் வட்டங்களுக்குப் பாய்ந்த அதன் நீர் வேறு வேலைகளை உண்டாக்கியது. கரும்பும் அதைத் தொடர்ந்து சர்க்கரை ஆலைகளும் இவ்வட்டாரத்தில் பெருகின. ஆனால் கால்வாய் எட்டாத வறண்ட மாவட்டத்தினர் இங்குப் பருவந்தோறும் கரும்பு வெட்ட வரும் நிலை ஏற்பட்டமையால், நீர் சென்ற இடத்துக்கும் செல்லாத இடத்துக்கும் இடையிலான வேறுபாடு நிலைத்தது.

நிவாரணப் பணிகளின் தேவை அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1972–73ஆம் ஆண்டு வறட்சியின் உச்சத்தில் மகாராஷ்டிரத்தில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் நிவாரணப் பணிகளில் இருந்தனர். அம்மாநில அரசியல்வாதி வி. ச. பாகே வகுத்த வேலை உறுதித் திட்டம் 1977இல் சட்டமாகி, 1979 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. மும்பை, புணே போன்ற நகரங்களின் சம்பளக்காரர்கள் செலுத்திய தொழில்வரி அதற்கு நிதியளிக்க உதவியது. வேலை கேட்டவருக்கு 15 நாள்களுக்குள் வேலை அல்லது உதவித்தொகை என்ற அதன் நெறி 2005ஆம் ஆண்டு மத்திய வேலை உறுதிச் சட்டத்திலும் இடம்பெற்றது. 1877இல் கூலியாளால் மறுக்க மட்டுமே முடிந்தது. நூறாண்டுக்குப் பின் வேலையைக் கேட்டுப் பெறவும் சட்டம் இடமளித்தது என்பதே இவ்விரு காலத்துக்கும் உள்ள முதன்மையான வேறுபாடாகும்.