கல்லீரல் பிழைத்தது, சிறுநீரகம் மாட்டிக்கொண்டது

கல்லீரல் கெட்டு, கூடவே சிறுநீரும் நின்றுபோய் இறந்தவர்களின் சிறுநீரகங்களை வேறு நோயாளிகளுக்குப் பொருத்தியதை அமெரிக்க மருத்துவர்கள் 1969இல் அறிவித்தார்கள். அவை ஒழுங்காக வேலை செய்தன. 1973இல் டென்வரில் கல்லீரல் மாற்று அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்டார்ஸ்லின் குழு இன்னொன்றைக் காட்டியது. புதுக் கல்லீரல் வைத்ததும், முடங்கிக் கிடந்த சிறுநீரகம் மீண்டுவிட்டது. கல்லீரலை மாற்றினால் போதும், சிறுநீரகம் தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பத் தோன்றியதில் வியப்பில்லை.

அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது, உயிர் காத்த மருந்தாலேயே. நார்வே மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து ஸ்விட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனம் பிரித்தெடுத்த சைக்ளோஸ்போரின், புது உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுத்தது. 1978இல் கேம்பிரிட்ஜில் அறுவை மருத்துவர் ராய் கால்ன் அதை மனிதர்களுக்குக் கொடுத்தபோதே, சிறுநீரகத்தை அது தாக்குவதும் தெரிந்துவிட்டது. விலங்குச் சோதனைகளில் கண்ணில் படாத குணம்! ஆனாலும் அந்த மருந்தை யார் விடுவார்கள்? 1980இல் ஸ்டார்ஸ்ல் அதை ஸ்டீராய்டுடன் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியபின், ஓராண்டு தாண்டிப் பிழைத்தவர்கள் ஏறத்தாழ இரட்டிப்பானார்கள். ஜப்பானின் சுகுபா மண்ணிலிருந்து வந்த, அதே வேலையைச் செய்யும் டாக்ரோலிமஸ் மருந்தை 1989இல் பிட்ஸ்பர்க்கில் முயன்றார்கள். வீரியம் கூடுதல்; சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் நுண்குழாய்களைச் சுருக்கும் பழக்கம் மட்டும் அதேதான்.

இந்தச் சேதத்தின் கணக்கு 2003இல் வந்தது. சிறுநீரகம் தவிர்த்த பிற உறுப்புகளைப் பெற்ற 69,321 அமெரிக்கர்களை ஆராய்ந்ததில், கல்லீரல் பெற்றவர்களில் சுமார் 18 சதவீதத்தினருக்கு ஐந்தாண்டுக்குள் சிறுநீரகம் கடுமையாகச் செயலிழந்திருந்தது.

சிறுநீரகப் பழுதை முன்கூட்டியே கண்டுபிடிப்பதும் எளிதாக இல்லை. தசையில் உருவாகி சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினை அளக்க 1886இல் யாஃபே விவரித்த நிறமாற்றச் சோதனையையே ஆய்வகங்கள் நெடுங்காலம் நம்பியிருந்தன. மஞ்சள் காமாலையின் பிலிருபின் அதைக் குழப்பும். தசை கரைந்த நோயாளிக்கு கிரியாட்டினின் இயல்பாகவே குறைவு என்பதால், பழுதான சிறுநீரகமும் அறிக்கையில் நல்லபிள்ளையாகத் தெரியும். 2002இல் கல்லீரலுக்கான அமெரிக்கக் காத்திருப்போர் பட்டியலின் மதிப்பெண்ணில் இதே கிரியாட்டினினைச் சேர்த்ததும், சிறுநீரகம் தளர்ந்தவர்கள் முன்வரிசைக்கு வந்தார்கள். அறுவைக்குப் பிந்தைய சிக்கலும் கூடவே வந்தது. 2012இல் வந்த உலகளாவிய சிறுநீரக வழிகாட்டி, 48 மணி நேரத்தில் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஏறினாலே எச்சரிக்கை என்றது.

மருத்துவர்கள் இப்போது முதல் நாட்களை நிராகரிப்பைத் தடுக்கும் பாசிலிக்சிமாப் ஊசியால் கடத்தி, டாக்ரோலிமஸைத் தாமதமாகவும் குறைவாகவும் தொடங்குகிறார்கள். ஈடுகட்ட மைக்கோஃபினோலேட், எவரோலிமஸ் போன்ற மருந்துகளைச் சேர்க்கிறார்கள். அப்படியும் மீளாதவர்களுக்காக அமெரிக்கா 2017இல் விதியை மாற்றியது. கல்லீரல் பெற்ற ஓராண்டுக்குள் டயாலிசிஸில் இருப்பவருக்கு, சிறுநீரகப் பட்டியலில் முன்னுரிமை உண்டு.