ஓர் இலக்கம், ஆறு தொலைபேசிகள்

திருகோணமலை உட்துறைமுக வீதியிலுள்ள கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் அண்மையில் ஒரு பகல் பொழுதைக் கழிக்க நேர்ந்தது. பழைய நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். நண்பருக்கோ என்னோடு பேச நேரமில்லை. அலுவலகத்தின் பழைய தொலைபேசிகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. அவற்றின் இடத்தில் இணையவழித் தொலைபேசிகளைப் பொருத்திக்கொண்டிருந்தார் ஓர் இளைஞர். சும்மா இருக்க முடியாத பத்திரிகைக்காரப் புத்தியினால் அவரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

“ஒரு நம்பர், ஆறு போன் ஐயா. ஆர் எடுத்தாலும் கதைக்கலாம். இஞ்ச ஹோல்டில போட்டிட்டு அங்க போய் எடுக்கலாம்” என்றார் பெருமையோடு.

“ஒருத்தர் கதைக்கிறதை மற்றவர் கேட்கவும் ஏலுமோ தம்பி?”

“அது செற்றிங்கைப் பொறுத்தது. இன்னும் அதைப் பாக்கேல்ல ஐயா.”

இந்தப் பதில் மனத்தை விட்டு அகல மறுத்தது. ஒரு தொலைபேசியைப் பலர் பகிர்ந்துகொள்வது திருமலைக்குப் புதிதன்று. பகிரப்படாத தொலைபேசிதான் எங்கள் ஊருக்குப் புதுமை. யார் எடுக்கலாம், யார் காத்திருக்கவேண்டும், யார் கேட்கலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் அன்று மனிதர்கள் விடை சொன்னார்கள். இன்று அதே கேள்விகள் கணினித் திரையில் சிறு கட்டங்களாக வந்து நிற்கின்றன. பொருத்த வந்த பிள்ளை எதைத் தொட்டு எதைத் தொடாமல் விடுகிறதோ, அதுவே அந்த அலுவலகத்தின் சட்டமாகிவிடுகிறது.

இலங்கையின் முதல் தந்திக் கம்பி 1858 இல் கொழும்பையும் காலியையும் இணைத்தது. தபால் கப்பல்கள் அன்று காலியில் தரித்தன என்பதே காரணம். துறைமுகம்தான் செய்தியை முதலில் கேட்டது. ஊர் பிறகு கேட்டது. திருகோணமலையின் கதை வேறு. இங்கே துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் சொத்து. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய இந்தத் தளம், 1957 ஒக்டோபரில்தான் இலங்கையின் கைக்கு வந்தது.

துறைமுகத்துக்கென்று ஒரு பகிர்வு முறை உண்டு. அது இன்றும் இருக்கிறது. கடல்சார் வானொலியின் 16 ஆம் சனல், அதாவது 156.8 மெகாஹேர்ட்ஸ், எல்லோருக்கும் பொதுவானது. கொட்டியாரக் குடாவுக்குள் நுழையும் கப்பலும் இழுவைப் படகும் துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையமும் அதில் காதை வைத்திருக்கும். ஒருவரை அங்கே கூப்பிடலாம், ஆனால் அங்கேயே கதைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அழைப்புக்குப் பதில் வந்ததும் இருவரும் வேறு சனலுக்கு நகர்ந்துவிட வேண்டும். அபாயக் குரல் எழுந்தால் மற்ற அனைவரும் வாய் மூடவேண்டும். யாவரும் கேட்கிறார்கள் என்பதை யாவரும் அறிந்து பேசுகிற இடம் அது. பகிர்வு என்பதற்கு இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

நகரத்தின் பகிர்வு அவ்வளவு நேர்மையானதன்று. எங்கள் தந்தையர் காலத்தில் கொழும்புக்கு ‘ட்ரங்க் கோல்’ பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தபால் நிலைய இணைப்பாளருக்கு ஊர்க்கதை பாதி தெரிந்திருக்கும். அவர் கேட்டாரா இல்லையா என்று எவரும் விசாரித்ததில்லை. கேட்டதை வெளியில் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கையில் ஊர் ஓடியது.

இந்த நம்பிக்கை ஒருவருக்கு இல்லாமற் போனதால்தான் தானியங்கித் தொலைபேசி இணைப்பகமே பிறந்தது என்பார்கள். அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் பிரேத அடக்கத் தொழில் செய்த அல்மன் ஸ்ட்ரோஜர், தனக்கு வரவேண்டிய அழைப்புகளை இணைப்பாளர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்று சந்தேகித்தார். ஆளே இல்லாமல் இணைப்புக் கொடுக்கும் பொறியை உருவாக்கி 1891 இல் காப்புரிமையும் பெற்றார். அவருடைய முறையில் அமைந்த முதலாவது இணைப்பகம் 1892 இல் இந்தியானா மாநிலத்து லாபோர்ட் நகரில் திறக்கப்பட்டது. சாவு வீட்டு வியாபாரப் போட்டியிலிருந்து உலகத் தொலைபேசி வரலாறு திரும்பியது என்பதை எங்கள் ஊர்க்காரர்களிடம் சொன்னால் அவர்கள் ஆச்சரியப்படமாட்டார்கள்.

போர்க்காலத்தில் திருமலையின் பகிரப்பட்ட தொலைபேசி, கடைத்தெருவின் ‘கொமினிகேசன்’ கடை. வீட்டுக்குத் தொலைபேசி கிடைக்காத குடும்பங்கள், ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருந்த பிள்ளைகளுக்கு அந்தக் கடையின் இலக்கத்தையே கொடுத்து வைத்திருந்தன. பிள்ளை எடுப்பான். கடைக்காரர், “அரை மணித்தியாலம் கழிச்சு எடுங்கோ தம்பி, அம்மாவைக் கூப்பிட்டு வைக்கிறன்” என்பார். கடைப் பையன் சைக்கிளில் பறப்பான். தாய் வந்து வாங்கில் காத்திருப்பாள். முன்னால் இருப்பவரின் பேச்சு நீண்டால் கடைக்காரர் தொண்டையைச் செருமுவார். கண்ணாடிக் கதவு போட்ட கூண்டு இருந்தாலும் வெளிநாட்டுக்குக் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. காசு வந்ததும், கலியாணம் குழம்பியதும், மரணச் செய்தியும் வாங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். மாப்பிள்ளை பேச்சு நடக்கும்போது மட்டும் சிலர் எழுந்து வெளியே போய் நிற்பார்கள். அந்த நாகரிகத்தை அவர்களுக்கு யாரும் கற்பித்ததில்லை.

நல்ல கடைக்காரர் காதில் விழுந்தது கடையோடு போய்விடும். எல்லோரும் நல்லவர்களாக இருக்கவில்லை. சோதனைச் சாவடிகளுக்கு நடுவே வாழ்ந்த ஊரில் ‘யார் கேட்கிறார்கள்’ என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் 24 ஆம் திகதி ‘சுடர் ஒளி’ செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு எங்கள் தொழிலில் இருந்தவர்கள் தொலைபேசியில் பேசும் வாக்கியங்கள் சுருங்கின. மழை பெய்ததா என்று கேட்டால் வேறு பொருள். சாப்பிட்டாச்சா என்று கேட்டால் இன்னொரு பொருள். ஆகவே, ‘செற்றிங்கைப் பொறுத்தது’ என்று அந்த இளைஞர் இலேசாகச் சொன்னதை என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இனி அந்தச் செற்றிங்குகளுக்கு வருகிறேன். ஒரே இணைப்பைப் பல மேசைகளில் பொத்தான்களாக வைக்கும் அலுவலகத் தொலைபேசிகள் அமெரிக்காவில் 1930களிலேயே வந்துவிட்டன. பொத்தானுக்கொரு விளக்கு. அழைப்பு வந்தால் மின்னும். ஒருவர் பேசினால் நின்று எரியும். காக்கவைத்தால் வேறு தாளத்தில் துடிக்கும். ஒரு கம்பி ஆறு மேசைக்கும் ஓடியதால் நிலைமை தானாகவே எல்லோருக்கும் தெரிந்தது. இணையவழித் தொலைபேசியில் அந்தப் பொதுக் கம்பி இல்லை. ஒவ்வொரு கருவியும் தனித்தனிக் கணினி. ஒன்று என்ன செய்கிறது என்பதை மற்றதற்கு யாராவது சொல்லவேண்டும்.

இணையவழி அழைப்புகளை நடத்தும் ‘சிப்’ என்னும் நெறிமுறை 1999 இல் வெளியாகி 2002 இல் திருத்தப்பட்டது. ஓர் இலக்கத்துக்கு வரும் அழைப்பை ஆறு கருவிகளிலும் ஒரே நேரத்தில் ஒலிக்கவைப்பது அதற்குச் சுலபம். கடினமானது, இங்கே காக்கவைத்ததை அங்கே எடுப்பதும், இருவர் ஒரே கணத்தில் ஒரே பொத்தானை அழுத்தாமல் பார்ப்பதும். உரையாடலின் நிலையை மற்றக் கருவிகளுக்கு அறிவிக்கும் விதி 2005 இல் வந்தது. பகிர்ந்த இணைப்புக்கான முழுமையான பொது விதி 2015 மார்ச்சில்தான் வந்தது. இடையில் காலம் காத்திருக்கவில்லை. சிஸ்கோ ஒரு வழி கண்டது. திறந்த மூல மென்பொருளான அஸ்ரறிஸ்க் 2006 இன் கடைசியில் வெளியிட்ட 1.4 பதிப்பில் வேறொரு வழி காட்டியது. இப்படி வேலியடைத்து வளர்ந்த பழக்கத்தால், ஒரு நிறுவனத்தின் கருவியை இன்னொன்றின் மத்திய நிலையத்தோடு சேர்த்தால் ஒலி கேட்கும், விளக்கு மட்டும் பொய் சொல்லும் என்ற நிலை இன்றும் சில இடங்களில் உண்டு.

அன்று மதியம் அந்த இளைஞரோடு கணினித் திரையின் முன் உட்கார்ந்தேன். ஒவ்வொரு மேசைக்கும் தனி இலக்கம் முதற் பொத்தானில். பொது இலக்கம் இரண்டாவதில். அதுவரை சரி. ஆறும் ஒருமிக்க ஒலிப்பதா, முன்மேசை ஒலித்துச் சில விநாடி கழித்து மற்றவை ஒலிப்பதா? உள்ளறையிலுள்ள கணக்காளருக்கு ஒலி வேண்டாம், விளக்குப் போதும் என்றார் நண்பர். கணக்காளர் அதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டார். வெளியே எடுக்கும்போது எதிர்முனையில் எந்த இலக்கம் தெரியவேண்டும்? பொது இலக்கம்தான், இல்லாவிட்டால் கப்பல் கப்டன்மார் நள்ளிரவில் தனி மேசையைத் தேடி எடுப்பார்கள்.

பிறகு, ஒருவர் பேசி முடித்த அழைப்பு மற்ற ஐந்து கருவிகளிலும் தவறிய அழைப்பாகத் தோன்றும் தொல்லை. ‘வேறிடத்தில் எடுக்கப்பட்டது’ என்ற குறிப்பை மத்திய நிலையம் அனுப்பினால், அதை மதிக்கும் கருவிகள் பேசாமல் இருந்துவிடும். அனுப்பாவிட்டால் ஒரே வாடிக்கையாளரை ஐந்து பேர் திருப்பி அழைப்பார்கள். சுனாமிக்குப் பின் நகரில் திறக்கப்பட்ட ஓர் அலுவலகத்தில் இதற்கு நேர்மாறான கூத்தை நான் கண்டிருக்கிறேன். பொதுக் குரலஞ்சலை ஒருவர் கேட்டதும் எல்லா மேசையிலும் செய்தி விளக்கு அணைந்துவிடும். கேட்டவர் மூதூருக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். கூடாரம் கேட்டு விடப்பட்ட செய்தி இரண்டு நாள் எவருக்கும் தெரியவில்லை. கொமினிகேசன் கடைப் பையன் அப்படி ஒரு செய்தியைத் தவறவிட்டிருந்தால் ஊரே அவனை ஏசியிருக்கும். விளக்கை யார் ஏசுவது?

கடைசியாக அந்தக் கட்டம் வந்தது. பேச்சில் இடையில் நுழைய அனுமதியா, மறுப்பா? நுழைந்தால் எச்சரிக்கை ஒலி எழவேண்டுமா? நண்பருக்கு அனுமதி வைத்திருக்கத்தான் விருப்பம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வாடிக்கையாளரோடு எப்படிக் கதைக்கிறார்கள் என்று பார்க்கலாமாம். முன்மேசைப் பெண் ஒன்றும் பேசாமல் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பொது இலக்கத்தில்தான் அவருடைய தாயாரும் ஆஸ்பத்திரியிலிருந்து எடுப்பாராம், பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

“ஒலி இல்லாமல் நுழையிறது வேண்டாம் அண்ணன்” என்றார் இளைஞர், நண்பரைப் பார்த்து. “நுழையிறதெண்டால் பீப் கேட்கட்டும். மற்றது, ஒவ்வொருத்தருக்கும் பிரைவசிப் பொத்தான் ஒண்டு போட்டு விடுறன். அழுத்தினால் ஒருத்தரும் வரேலாது.”

நண்பர் சற்று யோசித்துவிட்டுத் தலையசைத்தார். அடுத்த கேள்வி மின்சாரம் பற்றியது. 2022 இன் மின்வெட்டு நாட்களில் பழைய தொலைபேசி இணைப்பகத்து மின்னிலேயே வேலை செய்ததாம். இந்த ஆறும் ஒன்றாகச் சாகுமே என்றார். பற்றரிப் பெட்டி ஒன்றின் விலையைப் பற்றிப் பேரம் தொடங்கியது. நான் என் குடையைத் தேடி எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். வாசலைத் தாண்டும்போது பொது இலக்கம் முதன்முறையாக ஒலித்தது. முன்மேசைப் பெண் எடுத்து, புதிய பொத்தானை அழுத்திவிட்டு, “ஓம் அம்மா” என்றார்.