கணினிக் கூடத்தில் மாணவர்க்குரிய இல்லம்

வெள்ளி விழா மலர்களில் கட்டடத்தின் வரலாறும் கொடையாளர் வரலாறும் இடம்பெறுதல் மரபு. நாம் இங்குக் கூறப் புகுவது, கணினிக் கூடத்தில் மாணவர் ஒவ்வொருவர்க்கும் ஒதுக்கப்பெறும் சிற்றிடத்தின் வரலாறு. அதனை 'ஹோம் டைரக்டரி' என்பர். இல்லக் கோப்பகம் எனலாம்.

ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக் கொள்ளும் முறையினை 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் செய்து காட்டினர். 1969இல் பெல் ஆய்வுக் கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கினர். 1971இல் வந்த அதன் முதற் கையேட்டிலேயே, உரிமையாளரை மாற்றும் 'சௌன்', அனுமதியை மாற்றும் 'சிஎச்மாட்' ஆகிய கட்டளைகள் உள்ளன. உடையவர், பிறர் என்னும் இரு பிரிவே அன்றிருந்தன; குழு என்பது பின்னர்ச் சேர்ந்தது. முக்கொம்பில் வாழும் நமக்கு மூன்று பிரிவை நினைவிற் கொள்ளுதல் அரிதன்று! 1991இல் தோன்றிய லினக்ஸும் இம்முறையையே தழுவிற்று. தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் 'பாஸ்' லினக்ஸ் இடம்பெற்றமையால், நம் பிள்ளைகளும் இதனை அறியலாயினர்.

இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. கணினி, கோப்பின்மீது உடையவரின் பெயரைப் பொறிப்பதில்லை, எண்ணையே பொறிக்கிறது. எந்தப் பெயர்க்கு எந்த எண் என்பது வேறொரு பட்டியலில் உள்ளது.

இதனை அறியாமையால் நேர்ந்த இடரை நம் மாலைப் பயிற்சிக் கூடத்திற் கண்டோம். பழுதுற்ற சர்வரை விடுமுறையில் புதிதாக நிறுவினோம். முன்னர் மாணவர் சேர்ந்த வரிசையில் பெயர்கள் பதிவாகியிருந்தன. இம்முறை அகர வரிசையில் பதிந்தோம். எண்கள் மாறின. பழைய கோப்பகங்களோ பழைய எண்களுடனேயே மீண்டன. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் கோப்பகத்தினுள் நுழைய இயலாது நின்றாள்; அவளது பழைய எண்ணைப் பெற்ற வேறொரு மாணவனுக்கோ அது திறந்தது.

அவசரத்தில், எல்லாக் கோப்பகங்கட்கும் '777' என்னும் அனுமதியை அளித்துவிட்டோம். எவரும் எதனையும் படிக்கவும் அழிக்கவும் அது வழி செய்தது. இரு நாளில் ஒரு மாணவனின் கட்டுரை அழிந்தது.

மூடிய வாயிலின் பொருள் நம் முன்னோர் நன்கறிந்ததே. பொதுச் சாலையும் கிணறும் அனைவர்க்கும் உரியன என 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொணர வேண்டியிருந்தது. ஆயின் பொதுவிடத்தைத் திறத்தல் வேறு. ஒருவர்க்கே உரியதைக் காத்தல் வேறு. நாம் அன்று இரண்டையும் குழப்பிக்கொண்டோம்.

பின்னர் நகற்படியிலிருந்து பழைய பட்டியலை எடுத்து, கோப்பகம் கோப்பகமாகச் சென்று உரிமையாளரை மாற்றினோம். எண்ணை மட்டும் நோக்கி ஒட்டுமொத்தமாக மாற்றியிருப்பின், இருவர் கோப்புகள் ஒருவர்க்கே உரியனவாய்க் கலந்திருக்கும். அதன்பின், உடையவர் மட்டுமே புகத்தக்க '700' அனுமதியை அளித்தோம். ஒரு மாலைப் பொழுது போதுமாயிற்று. அழிந்த கட்டுரை மீளவில்லை. அம்மாணவன் அதனை மீண்டும் எழுதினான். பெயரும் எண்ணும் குறித்த பட்டியல் இப்போது கூடத்தின் வருகைப் பதிவேட்டிலும் மையினால் எழுதப்பெற்றுள்ளது.