முஜாவிர்கள்: பிறநாட்டு மாணவருக்கு நிழல் தந்த அல்-அஸ்ஹர்

கெய்ரோவிலுள்ள அல்-அஸ்ஹரில் தங்கிப் படித்த மாணவரை அக்கால நூல்கள் 'முஜாவிர்' என்ற சொல்லாற் குறிப்பிடுகின்றன. அரபியில் 'ஜார்' என்றால் அயலவர். முஜாவிர் என்றால் அயலில் வந்து குடியிருப்பவர். இதே வேரிலிருந்துதான் 'ஜிவார்' என்ற சொல்லும் பிறந்தது. அடைக்கலம் தேடி வந்த ஒருவரை, 'இவர் என் பாதுகாப்பில் இருக்கிறார்' என்று ஊரறியச் சொல்லி ஏற்றுக்கொள்ளும் பழைய அரபு வழக்கம் அது. தாயிஃபிலிருந்து திரும்பிய நபிகளார் (ஸல்) அவர்கள், முத்இம் பின் அதீயின் ஜிவாரிலேயே மக்காவுக்குள் நுழைந்தார்கள் என்பதை ஸீறா படித்தவர்கள் அறிவர். படிக்க வந்த பரதேசிப் பிள்ளையை முஜாவிர் என்று அழைத்த சமூகம், அவனுக்குக் கடமைப்பட்ட ஓர் அயலும் உண்டு என்பதை அந்தப் பெயரிலேயே ஒப்புக்கொண்டுவிட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இன்று எமது கிராமத்துப் பிள்ளைகள் பல நாடுகளுக்குப் படிக்கப் போகிறார்கள். என்னிடம் கற்றவர்களும் அவர்களில் உளர். விசா, விமானச் சீட்டு, முதலாம் தவணைக் கட்டணம் என்பன பற்றி வீட்டிலே நாட்கணக்காகப் பேசப்படுகிறது. அங்கே காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது, கைக்காசு தீர்ந்தால் யாரிடம் கேட்பது, பொலிஸில் மாட்டிக்கொண்டால் யார் வந்து நிற்பது என்பன மட்டும் பேசப்படுவதில்லை. இந்தக் கேள்விகளுக்கு ஆயிரம் ஆண்டுகளாக விடை தேடிய ஒரு நிறுவனத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது பயன்தரும்.

அல்-அஸ்ஹர் பள்ளிவாசலின் கட்டுமானம் 970 இல் தொடங்கி 972 இல் நிறைவெய்தியது. 988 அளவில் வஸீர் யஃகூப் பின் கில்லிஸ், ஃபாத்திமியக் கலீஃபா அல்-அஸீஸின் அனுமதியுடன் 35 அறிஞர்களுக்கு மாதாந்தப் படியும், பள்ளிக்கு அருகே தங்குவதற்கு வீடும் ஏற்பாடு செய்தார். ஆக, பாடமும் படியும் கூரையும் ஆரம்பந்தொட்டே ஒன்றாக வைத்து எண்ணப்பட்டன. ஸலாஹுத்தீன் ஐயூபியின் காலத்தில் அங்கு ஜும்ஆ நிறுத்தப்பட்டது. 1266 இல் மம்லூக் சுல்தான் பைபர்ஸ் அதனை மீட்டுக் கொடுத்தார். அதன் பின்னரே பல தேசத்து மாணவர்களும் அல்-அஸ்ஹரை நோக்கிப் பெருமளவில் வரலாயினர்.

இவர்களுக்காக உருவானவைதான் ரிவாக்குகள். ரிவாக் என்ற சொல்லின் பொருள் தூண்வரிசைத் தாழ்வாரம். காலப்போக்கில் அது ஒவ்வொரு தேசத்து மாணவர்களின் விடுதியையும் குறிக்கலாயிற்று. மக்ரிபிகள், ஷாமியர், துருக்கியர், குர்துகள், யமனியர், இந்தியர், ஜாவியர் எனப் பலருக்கும் ரிவாக்குகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷெய்கு இருந்தார். மாணவன் யார், எந்த ஊர், எப்போது வந்தான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வக்ஃபு நிலங்களினதும் கட்டடங்களினதும் வருமானத்திலிருந்து 'ஜிராயா' எனப்படும் ரொட்டிப் பங்கு அளந்து கொடுக்கப்பட்டது. புதிதாக வந்தவன் தன் மொழி பேசுவோர் மத்தியிலே படுத்தெழும்பி, நகரத்தின் அரபியையும் நடைமுறையையும் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டான்.

இந்த ஏற்பாடு எத்தனை தலைமுறைகளைத் தாங்கியது என்பதற்கு வரலாற்றாசிரியர் அப்துர் ரஹ்மான் அல்-ஜபர்தியின் குடும்பமே சான்று. அவரது முன்னோர் ஜபர்த் பிரதேசத்திலிருந்து படிக்க வந்தவர். ஜபர்த் ரிவாக்கின் ஷெய்குப் பதவி அக்குடும்பத்திலேயே வழிவழியாக வந்தது. அந்நியராக வந்தவரின் வழித்தோன்றல் எகிப்தின் தலைசிறந்த வரலாற்றாசிரியரானார்.

ஐரோப்பாவிலும் இதே தேவை எழுந்தது. இத்தாலியின் பொலோஞாவுக்குச் சட்டம் படிக்க வந்த பிறதேசத்தாரைக் காக்கவென 12 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பேரரசர் முதலாம் ஃபிரெடெரிக் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒரு நாட்டவர் பட்ட கடனுக்காக அதே நாட்டு மாணவனைப் பிடித்து வைக்கும் கொடுமையை அது தடுத்தது. அங்கும் மாணவர்கள் தேசவாரியாகச் சங்கம் அமைத்தனர். பொலோஞாக்காரர் அவற்றிற் சேரவில்லை. உள்ளூர்வாசிக்கு ஊர்ச் சட்டமே காவலாக இருந்தது. வந்தவனுக்குத்தான் சங்கம் தேவைப்பட்டது.

எனினும், ரிவாக்கின் கதை முழுவதும் இனிமையானதல்ல. 1415 இல் (ஹிஜ்ரி 818) நடந்ததை மக்ரீஸி பதிவு செய்திருக்கிறார். அப்போது பாரசீகர், ஸைலஇகள், மக்ரிபிகள், எகிப்தின் நாட்டுப்புறத்தவர் என 750 பேர் பள்ளியில் தங்கியிருந்தனர். மேற்பார்வைக்கு நியமிக்கப்பட்ட அமீர் சூதூப், பள்ளியில் எவரும் தங்கலாகாது என உத்தரவிட்டு அவர்களைச் சாமான்களோடு வெளியேற்றினார். இரவிலே ஆட்களோடு வந்து அங்கிருந்தவர்களைத் தாக்கினார். அவர்களது உடைமைகள் சூறையாடப்பட்டன. பின்னர் அந்த அமீரே சுல்தானின் கோபத்துக்காளாகிச் சிறைப்பட்டார். ஆனால் அதனால் அந்த ஏழைகளின் பெட்டிகள் திரும்பி வந்திருக்கப் போவதில்லை. அதிகாரி ஒருவரின் மனம் மாறினால் பரதேசி மாணவனின் படுக்கை ஒரே இரவில் தெருவுக்கு வந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

1777 இல் நடந்தது இதற்கு நேர்மாறானது. மக்ரிபி ரிவாக்குக்கு வக்ஃபு செய்யப்பட்ட ஒரு சொத்துத் தொடர்பில் வழக்கு எழுந்தது. யூசுஃப் பே என்ற மம்லூக் அமீர் மாணவர்களுக்கு எதிராக நின்றார். மாலிகி மத்ஹபின் பெரியாரான ஷெய்கு அஹ்மத் அத்-தர்தீர் மாணவர் பக்கம் நின்றார். அல்-அஸ்ஹரில் பாடங்கள் நிறுத்தப்பட்டன, கதவுகள் மூடப்பட்டன, கடைத்தெருவும் மூடப்பட்டது. இறுதியில் அமீர்கள் இறங்கி வந்து சமரசம் பேச வேண்டியதாயிற்று. மக்ரிபிப் பிள்ளைகளுக்காகக் கெய்ரோவின் வியாபாரிகள் கடை மூடினார்கள் என்பதை வாசிக்கும்போது, ஜிவார் என்ற சொல் நகரத் தெருவில் இறங்கி நடந்தது போலிருக்கிறது.

அதன் பின் வந்தது பிரெஞ்சுப் படையெடுப்பு. 1798 ஒக்டோபரில் கெய்ரோ மக்கள் கிளர்ந்தெழுந்தபோது நெப்போலியனின் பீரங்கிகள் அல்-அஸ்ஹர் வட்டாரத்தைத் தாக்கின. சிப்பாய்கள் குதிரைகளோடு பள்ளிக்குள் நுழைந்ததையும், விளக்குகளை உடைத்து மாணவர்களின் பெட்டிகளைச் சூறையாடியதையும் அல்-ஜபர்தி எழுதி வைத்திருக்கிறார். 1800 ஜூனில் தளபதி கிளெபரைக் கொன்ற சுலைமான் அல்-ஹலபி, அலெப்போவிலிருந்து வந்து அல்-அஸ்ஹரில் தங்கியிருந்த இளைஞர். அவரோடு, அவரது எண்ணத்தை அறிந்திருந்தும் தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் காஸாவைச் சேர்ந்தவர்களும் கொல்லப்பட்டனர். வெளியூரார் அனைவர் மீதும் சந்தேகம் விழுந்தது. மேலும் விபரீதம் நேராதிருக்க, ஷெய்குகளே அல்-அஸ்ஹரை மூடும்படி கேட்டுக்கொண்டனர். ஒருவன் செய்ததற்கு அவன் தேசத்தார் அனைவரும் பதில் சொல்ல வேண்டிய நிலை இன்றும் வெளிநாட்டு மாணவர்களைத் தொடர்கிறது. 2001 செப்டெம்பருக்குப் பின் மேலைநாடுகளில் படித்த முஸ்லிம் மாணவர்களைக் கேட்டால் தெரியும்.

பீரங்கியால் வந்த சேதம் கண்ணுக்குத் தெரிந்தது. முஹம்மத் அலி பாஷாவின் ஆட்சியில் வந்த சேதம் சத்தமின்றி வந்தது. 1809 தொடங்கி அவர் வக்ஃபு நிலங்களின் மீது வரியும் அரச கட்டுப்பாடும் விதித்தார். ரொட்டிக்கு ஆதாரமான வருமானம் சுருங்கியது. அதன் பின் அரசு கொடுத்தால் உண்டு, இல்லையேல் இல்லை என்ற நிலைமைக்கு ரிவாக்குகள் படிப்படியாக வந்து சேர்ந்தன.

1896 இல் இன்னொரு பாடம் கிடைத்தது. அவ்வாண்டு கெய்ரோவில் கொலரா பரவிய வேளை, ஷாமியர் ரிவாக்கில் ஒரு மாணவர் நோயுற்றார். அவரைக் கொண்டு செல்ல அதிகாரிகள் வந்தபோது சக மாணவர்கள் மறித்தனர். கல்லெறி நடந்தது. பொலிஸார் சுட்டனர், உயிர்கள் பலியாயின. மாணவர்களிடம் தோழமை நிறையவே இருந்தது. அரசின் வைத்தியத்தில் அவர்களுக்கு நம்பிக்கை இருக்கவில்லை. அதிகாரிகளோ அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்காமலே பலத்தோடு வந்தனர். தம்மவருக்குள்ளேயே ஒடுங்கி வாழும் மாணவர் கூட்டத்திற்கும் அந்த நாட்டின் ஆஸ்பத்திரிக்கும் இடையே இரு தரப்பும் நம்பும் ஒருவர் வேண்டும் என்பதை இச்சம்பவம் உணர்த்துகிறது.

இருபதாம் நூற்றாண்டில் ரிவாக்குகளின் இடத்தை வேறொன்று பிடித்தது. 1950களின் பிற்பகுதியில் 'மதீனத்துல் புஊஸ் அல்-இஸ்லாமிய்யா' என்ற மாணவர் நகரம் கெய்ரோவில் பிறநாட்டாருக்காகத் திறக்கப்பட்டது. 1961 ஆம் ஆண்டின் 103 ஆம் இலக்கச் சட்டம் அல்-அஸ்ஹரை நவீன பல்கலைக்கழகமாக மாற்றியமைத்தது. பழைய ஷெய்குக்குப் பதிலாக இப்போது நிருவாகிகள் இருக்கிறார்கள். வக்ஃபு ரொட்டிக்குப் பதிலாகப் புலமைப்பரிசில் இருக்கிறது.

நமது நாட்டிலும் இந்தச் சிந்தனை இல்லாமலில்லை. கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்து எமது மக்களின் கல்வி வறுமையை நேரிற் கண்டவர் அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1945 இல் அவரது முயற்சியால் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி தோன்றியது. வசதியற்ற பிள்ளையின் உயர்கல்வி சமூகத்தின் பொறுப்பு என்பதே அதன் அடிப்படை. பிற்காலத்தில் 'மிஸ்ரின் வசியம்' என்ற பயண நூலை எழுதியவரும் அவரே.

இந்த நீண்ட வரலாற்றிலிருந்து நான் விளங்கிக்கொள்வது இதுதான். கவனமாக இரு, நல்லவனாக இரு என்று பிள்ளைக்குப் புத்தி சொல்லி அனுப்புவதால் மாத்திரம் அவனது பாதுகாப்பு உறுதியாவதில்லை. 1415 இல் விரட்டப்பட்டவர்களும் நல்ல பிள்ளைகள்தாம். எவராலும் பறிக்க முடியாத வருமானமும், பேர் சொல்லிப் பொறுப்பேற்கும் ஒரு மனிதரும், அநியாயம் நடந்தால் கதவை மூடிக் குரல் கொடுக்கும் ஓர் ஊரும் இருந்த காலங்களில் முஜாவிர் நிம்மதியாகப் படித்தான். அவற்றில் ஒன்று குறைந்தபோதெல்லாம் அவதியுற்றான்.

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளின் பெயர், பல்கலைக்கழகம், தங்குமிடம், கடவுச்சீட்டின் பிரதி ஆகியவற்றை எமது பள்ளிவாசல் மரைக்காயர் சபைகள் ஒரு பதிவேட்டில் வைத்திருக்கலாம். அந்தந்த நாட்டில் முன்னரே படித்து முடித்தவர்களைப் புதியவர்களோடு பயணத்துக்கு முன்பே அறிமுகம் செய்யலாம். ஆபத்து வேளையில் ஒரு விமானச் சீட்டுக்கேனும் போதுமான நிதியை, ஸகாத்தோடு கலக்காமல், தனி வக்ஃபாகத் தொடங்கலாம். ஒரு தென்னந்தோட்டத்தின் வருமானமே ஆரம்பத்துக்குப் போதும். அல்-அஸ்ஹரின் முஜாவிர்களுக்கும் ரொட்டி தந்தவை இப்படி யாரோ எழுதி வைத்த நிலங்களே.