எரிமலை இல்லா நிலத்தின் கருமண்: கொல்லிமலைச் சோளக்காட்டை முன்வைத்து ஒரு மண்வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

ஈரவெப்ப மண்டல மலைக்காடுகளில் காணப்படும் எரிமலைச் சாம்பல் மண், கருநிறம், குறைந்த அடர்த்தி, மிகுந்த நீர்ப்பிடிப்பு, பாஸ்பேட்டைப் பிணைத்து வைத்தல் ஆகிய இயல்புகளால் தனித்து அறியப்படுகிறது. எரிமலை இல்லாத நீலகிரியிலும் இவ்வியல்புகள் கொண்ட மண் கண்டறியப்பட்டுள்ளது. இச்செய்தியை அளவுகோலாகக் கொண்டு, கொல்லிமலை மண்ணின் வரலாற்றைப் பாறையியல், சங்க இலக்கியம், வேளாண் வழக்கு ஆகிய சான்றுகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. கொல்லிமலையின் வளம் பாறை தந்த கொடையன்று, காடு சேர்த்த வைப்பு என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, சோளக்காடு, எரிமலைச் சாம்பல் மண், சார்னகைட், பாக்சைட், புனவேளாண்மை

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்தின் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறும் சாலை சோளக்காட்டை அடைகிறது. பலா, வாழை, அன்னாசி, மிளகு எனச் சந்தையில் குவியும் விளைபொருள்களைக் காண்போர், இம்மலையின் மண் இயல்பிலேயே வளம் மிக்கது என்று கருதுவது இயற்கை. காட்டோரங்களில் மேல்மண் கருத்துப் பொலபொலப்பாக இருப்பதும் அக்கருத்துக்கு வலுச்சேர்க்கும். உலகின் வளமான மலைமண்கள் பல எரிமலைச் சாம்பலிலிருந்து தோன்றியவை. ஆகவே, கொல்லிமலை மண்ணையும் அவ்வரிசையில் வைத்து எண்ணலாமா என்னும் வினா எழுகிறது.

இவ்வினா மண்ணியலார்க்கு மட்டும் உரியதன்று. ஒரு மலையின் வளம் எங்கிருந்து வந்தது என்று அறிந்தால்தான், அங்கு வாழ்ந்தோர் நிலத்தைப் பயன்படுத்திய முறையின் காரணங்களை வரலாற்று நோக்கில் விளக்க இயலும்.

1. எரிமலைச் சாம்பல் மண்: பெயரும் வரையறையும்

இவ்வகை மண்ணுக்கு உலகளவில் வழங்கும் பெயர் ஆண்டோசால் என்பதாகும். சப்பானிய மொழியில் ‘இருண்ட மண்’ எனப் பொருள்படும் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் சப்பானில் நடைபெற்ற நில அளவைகளின்போது அமெரிக்க மண்ணியலார் இம்மண்ணைத் தனிவகையாக இனங்கண்டனர். 1949இல் தார்ப், ஸ்மித் இருவரும் வெளியிட்ட வகைப்பாட்டில் இப்பெயர் இடம்பெற்றது. அமெரிக்க வகைப்பாட்டில் 1990 முதல் இது தனியொரு பெரும்பிரிவாக விளங்குகிறது.

எரிமலைச் சாம்பலில் உள்ள கண்ணாடித் துகள்கள் மழையில் விரைந்து சிதைகின்றன. சிதைவில் வெளிப்படும் அலுமினியமும் சிலிக்காவும் ஒழுங்கான படிகமாக அமையாமல் அலோஃபேன் போன்ற நுண்பொருள்களாகின்றன. அலுமினியத்தின் ஒரு பகுதி மட்கோடு பிணைகிறது. அப்பிணைப்பு மட்கை எளிதில் அழியவிடாமல் காக்கிறது. மேல்மண் கருநிறம் பெறுவது இதனால்தான். நுண்துளைகள் மிகுதியாதலின், மண்ணின் பருமனடர்த்தி ஒரு கனசென்டிமீட்டருக்கு 0.9 கிராம் அல்லது அதற்கும் குறைவாக அமைகிறது. நீரை மிகுதியாகத் தாங்கும் இம்மண், பாஸ்பேட்டைப் பயிருக்கு எளிதில் கிட்டாதவாறு பிணைத்துக்கொள்ளவும் செய்கிறது. பாஸ்பேட் பிடிப்பு 85 விழுக்காட்டுக்கு மேல் இருத்தல் இதன் வரையறைக் கூறுகளுள் ஒன்று.

வரையறை மண்ணின் இயல்புகளைக் கொண்டே வகுக்கப்பட்டுள்ளது. எரிமலைத் தோற்றம் கட்டாய நிபந்தனையன்று. இது பின்வரும் ஆய்வுக்கு இன்றியமையாத குறிப்பு.

தமிழர் எரிமலை மண்ணோடு நேரடித் தொடர்பு கொண்டது பெரும்பாலும் கடல்கடந்த நிலங்களில்தான். 19ஆம் நூற்றாண்டில் சுமத்ராவின் டெலி புகையிலைத் தோட்டங்களிலும் ரியூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களிலும் தமிழ்த் தொழிலாளர் உழைத்தனர். டச்சு மண்ணியலார் மோர், சாவகத்தில் மக்கள் அடர்த்திக்கும் இளைய எரிமலை மண்ணுக்கும் உள்ள தொடர்பை 1938இல் எடுத்துக்காட்டினார். அங்கு வெடிப்புதோறும் விழும் புதுச்சாம்பல், மழை அரித்துச் சென்ற சத்துகளை ஈடுசெய்கிறது. தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இப்பண்பே எரிமலை மண்ணின் தனிச்சிறப்பு.

2. நீலகிரி தரும் சான்று

லோரான் கானே முதலிய ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, நீலகிரியின் உயர்நிலங்களில் ஆண்டோசால் இயல்புடைய மண் இருப்பதைக் காட்டியது. இம்மண்ணில் அலோஃபேன் இல்லை; அலுமினியமும் மட்கும் பிணைந்த சேர்மங்களே அதன் இயல்புகளுக்குக் காரணம். அதன் மூலப்பொருள் சாம்பலன்று. நெடுங்காலம் சிதைந்து, கயோலினைட், கிப்சைட், இரும்பு ஆக்சைடுகள் ஆகியன எஞ்சிய பழைய பாறைச்சிதைவே அதன் மூலம்.

எரிமலை செய்யும் வேலையை இங்கே செய்தவை குளிரும் ஈரமும். ஏறத்தாழ 2000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இலைதழைகள் மெல்லவே மட்குகின்றன. மட்கிலிருந்து பிறக்கும் அமிலங்கள் பழைய கனிமங்களிலிருந்து அலுமினியத்தை விடுவிக்கின்றன. விடுபட்ட அலுமினியம் மட்கோடு பிணைந்து அதை நிலைநிறுத்துகிறது. இவ்வாறு, வேறு வழியில் தோன்றிய மண், முடிவில் எரிமலை மண்ணை ஒத்ததாகிறது.

நீலகிரியின் கரிமப் படிவுகள் காலநிலை வரலாற்றுக்கும் ஆவணமாகின்றன. இரா. சுகுமார் முதலியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வு, நீலகிரிச் சதுப்புப் படிவுகளின் கார்பன் ஓரிடத்தான்களைக் கொண்டு, புல்வெளியும் சோலையும் காலந்தோறும் மாறிவந்ததை நிறுவியது. இவ்விரு ஆய்வுகளிலிருந்தும் ஒரு முறையியல் பாடம் கிடைக்கிறது: நிறத்தையும் தன்மையையும் மட்டும் கொண்டு மண்ணின் பிறப்பை முடிவு செய்தல் ஆகாது.

3. கொல்லிமலையின் பாறையும் சிதைவும்

சேலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் நிலவியலை வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபுட் ஆகியோர் 1864இல் இந்திய நிலவியல் அளவைத் துறையின் வெளியீட்டில் விரிவாகப் பதிவு செய்தனர். 1900இல் தாமஸ் ஹாலந்து தென்னிந்தியாவின் சார்னகைட் பாறைத் தொகுதியை விளக்கினார். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லை ஒட்டியே அப்பாறைக்குப் பெயரிடப்பட்டது. கொல்லிமலையும் சார்னகைட், நைஸ் முதலிய தொல்பாறைகளால் ஆனது. அவற்றின் அகவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். புவியின் ஆழத்தில் மிகு வெப்பத்தில் உருமாறிய பாறைகள் இவை. அண்மைக்கால எரிமலையின் படிவுகள் அல்ல.

ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலத்தில் இப்பாறைகள் நெடுங்காலம் மழையில் ஊறிச் சிதைந்தன. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் முதலிய சத்துகள் கரைந்தோடின. சிலிக்காவும் பெருமளவு நீங்கியது. எஞ்சியவை இரும்பும் அலுமினியமும். உச்சிகளில் அலுமினியம் செறிந்து பாக்சைட் ஆயிற்று. சேர்வராயன் மலையிலும் இதே நிகழ்வு நடந்தது. 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இவ்விரு மலைகளின் பாக்சைட்டும் மூலப்பொருளாயிற்று.

இவ்விடத்தில் ஒரு முரணைக் காண்கிறோம். பாக்சைட் தொழிலுக்கு வளம். வேளாண்மைக்கோ அது சத்து நீங்கியதன் அடையாளம். அலுமினிய, இரும்பு ஆக்சைடுகள் பாஸ்பேட்டைப் பிணைத்துக்கொள்ளும் என்பதால் எரிமலை மண்ணின் குறை ஒன்று இங்கும் உண்டு. ஆனால் அதன் நிறை, அதாவது புதிய சாம்பலால் புதுப்பிக்கப்படும் வாய்ப்பு, இங்கு இல்லை. நீலகிரி உச்சிகளின் கடுங்குளிரும் கொல்லிமலைக்கு வாய்க்கவில்லை. எனவே இங்கு மட்கு விரைந்து சிதையும். காட்டின் இலையுதிர்வு இடைவிடாது ஈடுசெய்தால் மட்டுமே மேல்மண் கருமையாக நிலைக்கும்.

4. தோபா சாம்பல் பற்றிய ஐயம்

ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்து, அதன் சாம்பல் இந்தியத் துணைக்கண்டத்தில் பரவலாக விழுந்தது. மத்திய இந்தியாவின் சோன் பள்ளத்தாக்கிலும் ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்திலும் அதன் படிவுகள் ஆராயப்பட்டுள்ளன. அச்சாம்பல் கொல்லிமலை மண்ணை உருவாக்கியிருக்கலாகாதா என்னும் ஐயம் நியாயமானதே.

ஜ்வாலாபுரத்தில் தொடக்கத்தில் விழுந்த சாம்பலின் கனம் சில சென்டிமீட்டர்தான். சுற்றுப்புறத்திலிருந்து நீர் அடித்து வந்து குவித்ததால்தான் அங்குப் படிவு தடித்தது. பள்ளத்தாக்குகள் சாம்பலைப் பேணின. செங்குத்தான மழைச்சரிவுகள் அதைப் பேணும் இடங்களல்ல. பல மீட்டர் ஆழமுள்ள பாறைச்சிதைவையும் பாக்சைட்டையும் சில சென்டிமீட்டர்ச் சாம்பல் விளக்காது. ஆதலால் இம்மண்ணின் மூலம் கீழுள்ள பாறையே எனக் கொள்ளுதல் பொருந்தும்.

5. இலக்கியமும் வேளாண் வழக்கும்

சங்க இலக்கியம் கொல்லியை வல்வில் ஓரியின் மலையாகவும் கொல்லிப்பாவையின் இடமாகவும் போற்றுகிறது. அதனால் அதை வளத்தின் குறியீடாக மட்டும் படிக்கும் பழக்கம் நிலவுகிறது. குறுந்தொகையின் 100ஆம் பாடலில் கபிலர் காட்டும் சிற்றூர் வேறொரு செய்தியையும் தருகிறது. அங்குள்ளோர் அருவி பாயும் நிலத்தில் ஐவன நெல்லை விதைக்கின்றனர். மலைமல்லிகையையும் மரலையும் களைந்தெறிகின்றனர். பசி வரும்போது யானைக்கொம்பை விற்று உண்கின்றனர். பாடல் மரபின் மிகையை ஒதுக்கிவிட்டு நோக்கினாலும், விளைச்சல் மட்டும் போதாமல் காட்டின் பொருளும் பிழைப்புக்குத் தேவைப்பட்ட ஒரு மலைவாழ்வைப் புலவர் அறிந்திருந்தார் என்பது புலனாகிறது.

குறிஞ்சிப் பாடல்களின் புனவேளாண்மையும் இதனோடு ஒத்துச்செல்கிறது. காட்டை வெட்டி எரித்து விதைத்துச் சில பருவங்களுக்குப் பின் நிலத்தைக் காட்டிடமே விட்டுவிடுதல் அதன் முறை. மரங்கள் ஆழத்திலிருந்து ஈர்த்துச் சேர்த்த பொட்டாசியமும் கால்சியமும் எரிந்த சாம்பலின்வழி மேல்மண்ணை அடைகின்றன. மண்ணின் அமிலத்தன்மையும் குறைகிறது. கொல்லிமலையின் வயலை ஊட்டிய சாம்பல் எரிமலை தந்ததன்று. புனம் எரித்த சாம்பல். அது தீர்ந்ததும் நிலம் ஓய்வை வேண்டியது.

கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வாழும் மலையாளி மக்கள், ஏர் பூட்டும் நிலத்தை உழவுகாடு என்றும் சரிவில் கொத்தி விதைக்கும் நிலத்தைக் கொத்துக்காடு என்றும் பிரித்தறிவர். சேலம், கொங்குப் பகுதிகளில் ‘காடு’ என்னும் சொல் வனத்தை மட்டுமன்றி மானாவாரி நிலத்தையும் குறிக்கும். சோளக்காடு என்னும் ஊர்ப்பெயரைச் சொற்பொருள் நிலையில் சோளம் விளையும் புன்செய் எனக் கொள்ளலாம். அதைச் சோலைக்காடு என்பதன் திரிபாகக் கொள்ள வேண்டியதில்லை. வனமும் விளைநிலமும் ஒரே சொல்லால் சுட்டப்படுவது, ஒன்று மற்றொன்றாக மாறிவந்த நிலப்பயன்பாட்டுக்குப் பொருந்தும் வழக்காகும்.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டத்துக்குப் பின் காப்புக்காடுகள் வரையறுக்கப்பட்டன. புனம் மாற்றும் வெளி சுருங்கியது. சாமை, தினை, கேழ்வரகு முதலியன குறைந்த சத்தில் விளையக் கூடியவை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேலம், நாமக்கல் வட்டாரச் சவ்வரிசி ஆலைகளின் தேவையால் மரவள்ளி பரவியது. மரவள்ளியும் ஏழை மண்ணில் விளையும். ஆனால் கிழங்கோடு பொட்டாசியம் மலையை விட்டு இறங்குகிறது. கிழங்கு அகழும்போது சரிவு மண்ணும் குலைகிறது. பயிர்மாற்றம் மக்களுக்குப் பணவருவாய் தந்ததை மறுக்க இயலாது. அதன் விலையில் ஒரு பகுதியை மண் செலுத்தியது என்பதும் வரலாற்றில் பதியப்பட வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, எரிமலைச் சாம்பல் மண்ணின் இயல்புகள் எரிமலை இன்றியும் தோன்றலாம். நீலகிரி அதற்குச் சான்று. இரண்டாவது, கொல்லிமலை மண் தொல்பாறையின் நீண்ட சிதைவில் சத்து நீங்கி எஞ்சியது. அதன் மேற்பரப்பு வளம் காட்டின் சுழற்சியால் நிலைபெற்றது. மூன்றாவது, சங்கப் பாடலின் பசித்த சிற்றூரும் கொத்துக்காட்டின் ஓய்வுக்காலமும் இவ்வுண்மையோடு பொருந்துகின்றன.

சாவகத்தில் இழந்த வளத்தை எரிமலை ஒருநாள் திருப்பித் தரக்கூடும். கொல்லிமலையில் அரிக்கப்படும் மேல்மண்ணும் அகழப்பட்ட உச்சியும் மனிதத் தலைமுறைக் கணக்கில் மீள்வன அல்ல. ஆகவே இம்மலையின் வரலாற்றை எழுதுவோர், அரசரும் பாவையும் போலவே மண்ணையும் ஓர் ஆவணமாகக் கொள்ளுதல் வேண்டும்.