பாகப்பிரிவினையும் எல்விஎம்மும்

ஆணி கொஞ்சம் கம்மி, அதான் இந்தப் பதிவு.

போன வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு சர்வர்ல லாக் எழுதுற இடம் நிறைஞ்சு போச்சு. இன்னொரு டிஸ்க்ல 40 ஜிபி சும்மா கிடக்கு. ஒரே கமாண்ட்! சர்வரை நிறுத்தாமலே இடம் கூடிருச்சு. அப்புறம் தூக்கம் வரலை. இதை முதல்ல யாரு யோசிச்சிருப்பாங்க?

பழைய பார்ட்டிஷன் முறை நம்ம ஊரு பாகப்பிரிவினை மாதிரி மக்களே. சுவர் எழுப்பினா எழுப்பினதுதான். அண்ணன் பக்கம் காலியா கிடந்தாலும் தம்பிக்கு ஒரு மூட்டை வைக்க இடம் கிடைக்காது. 1990-ல் ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் 3 இந்தச் சுவரை எடுத்துட்டு வந்தது. டிஸ்க்குகளை எல்லாம் சம அளவுத் துண்டுகளா வெட்டி ஒரே குவியலா வச்சுக்கும். அதுதான் வால்யூம் குரூப். கேட்கிறவனுக்கு வேண்டிய துண்டுகளைக் கோர்த்து ஒரே டிஸ்க் மாதிரி காட்டும். எந்தத் துண்டு எங்கே இருக்குன்னு ஒரு அட்டவணை, அவ்வளவுதான் சூட்சுமம்.

லினக்ஸுக்கு இதை 1998-ல் எழுதியவர் ஹைன்ஸ் மவுல்ஸ்ஹாகன், ஹெச்பி-யுஎக்ஸில் இருந்ததைப் பார்த்து. 2001 ஜனவரியில் வந்த 2.4 கெர்னலில் அது இருந்தது.

சுவாரசியமே இனிமேதான். அடுத்த கெர்னலுக்கு ரெண்டு பேர் போட்டி. சிஸ்டினா என்ற சின்ன கம்பெனியின் டிவைஸ் மேப்பர் ஒரு பக்கம். அட்டவணையைப் பார்த்து வழிகாட்டுறது மட்டும்தான் அதுக்கு வேலை. இன்னொரு பக்கம் ஐபிஎம்மின் இவிஎம்எஸ், எல்லாத்தையும் தானே செய்யுற பெரிய ஏற்பாடு. 2002 அக்டோபரில் டிவைஸ் மேப்பர் உள்ளே போச்சு. ஐபிஎம் ஆளுங்க சண்டைக்குப் போவாங்கன்னுதானே நினைப்போம்? நவம்பரில் அவங்க, எங்க கெர்னல் கோடை விட்டுடுறோம், எங்க கருவிகளை டிவைஸ் மேப்பர் மேலேயே ஓடுற மாதிரி மாத்திக்கிறோம்னு அறிவிச்சாங்க.

நான் எழுதின 300 வரியை ரிவ்யூவில் தூக்கினப்போ டீம் லீட் கூட மூணு நாள் பேசலை. இவங்க பெரிய உழைப்பையே இறக்கி வச்சிருக்காங்க!

2003 டிசம்பரில் 2.6 கெர்னல் வந்தது. அதே மாசம் சிஸ்டினாவை ரெட்ஹாட் வாங்கப் போறதா அறிவிப்பு. இவிஎம்எஸ் பின்னாளில் நின்னு போச்சு. டிவைஸ் மேப்பர் இன்னிக்கும் ஓடுது. லினக்ஸ் லேப்டாப்ல டிஸ்க்கைப் பூட்டி வச்சிருந்தா, அதுக்கு அடியிலும் பெரும்பாலும் அதுதான்.

டிஸ்கி: வால்யூமைச் சுருக்கணும்னா முதல்ல ஃபைல்சிஸ்டத்தைச் சுருக்குங்க. மாத்திச் செஞ்சா என்ன ஆகும்னு தனிப் பதிவா, கண்ணீரோட எழுதுறேன்.